காய்கனிகளைத் தெரிந்தெடுத்தலும் கெடாது காத்தலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்பகுதி கர்நாடக மாநிலத்தின் எல்லையை ஒட்டி அமைந்த மேட்டு நிலமாகும். ஓசூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தக் குளிர்ந்த தட்பவெப்ப நிலையினால், சமவெளி மாவட்டங்களில் எளிதில் விளையாத முட்டைக்கோசு, கேரட், பீட்ரூட், பீன்ஸ், குடைமிளகாய் முதலியவை தளி, கெலமங்கலம், பாகலூர், பேரிகை முதலிய இடங்களில் நன்கு விளைகின்றன. சூளகிரிப் பக்கத்துக் கொத்தமல்லியும் புதினாவும், இராயக்கோட்டைச் சந்தைக்கு வரும் தக்காளியும் வெளியூர்களிலும் பெயர் பெற்றவை. கீழே இறங்கிக் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கங்களுக்குச் சென்றால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மாந்தோப்புகளே.

இதே ஓசூரில்தான் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. இன்று மோட்டார் வாகனங்களும் கைக்கடிகாரங்களும் இங்கே செய்யப்படுகின்றன. பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் நாள்தோறும் காய்கறி வாங்கியாக வேண்டும். நாற்பது கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு என்னும் பெருநகரம் இருக்கிறது. விளைவிப்போரும் உண்போரும் இவ்வளவு அருகில் அமைந்த இடம் தமிழ்நாட்டில் வேறு அதிகம் இல்லை. அங்ஙனமாயின் இங்கே காய்கனி வீணாதல் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் நாம் காண்பது என்ன? விலை இறங்கிய நாட்களில் தக்காளி சாலையோரத்தில் கொட்டப்படுகிறது. விலை ஏறிய நாட்களிலோ, கூடையின் அடியில் இருந்தவை நசுங்கிப் போனமையால், அந்த நல்ல விலையின் முழுப் பயனும் உழவர் கைக்கு வருவதில்லை.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தைச் சேர்ந்த, லூதியானாவிலுள்ள அறுவடைப்பின் தொழில்நுட்ப நிலையம் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் பழங்களும் காய்கறிகளும் அவற்றின் இனத்திற்கு ஏற்ப நூற்றுக்கு 4.58 முதல் 15.88 பங்கு வரை அறுவடைக்குப் பின் இழப்பாகின்றன. மிக அதிகமாக இழக்கப்படுவது கொய்யா. தக்காளியும் அதற்கு வெகுதூரம் பின்தங்கி நிற்கவில்லை. நிலத்திற்கு உழுகூலி, விதை, உரம், மருந்து, தண்ணீர், ஆட்கூலி ஆகிய எல்லாச் செலவையும் செய்து முடித்த பின்பு ஏற்படும் இழப்பு இது. ஆதலின் வயலில் பூச்சி தின்று போகும் இழப்பைவிட இது கொடியது என்றே கூற வேண்டும்.

பறித்த காயும் உயிருள்ளதே

செடியிலிருந்து பறித்தவுடன் காய் இறந்து போவதில்லை. அது தொடர்ந்து மூச்சுவிடுகிறது. தன்னிடம் சேர்ந்துள்ள மாவையும் சர்க்கரையையும் சிறிது சிறிதாகச் செலவழித்து, வெப்பத்தை வெளியிடுகிறது, நீரையும் இழக்கிறது. செடியில் இருந்தபோது வேர் அந்த நீரை ஈடு செய்தது. பறித்த பின்பு ஈடு செய்வார் இல்லை. காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால், காயின் மூச்சு ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று மடங்காகப் பெருகும். எனவே பகல் பன்னிரண்டு மணி வெயிலில் வரப்பின்மேல் குவித்து வைத்த பீன்ஸ், ஒரு மணி நேரத்தில் முதுமை அடையும் அளவுக்கு, நிழலில் வைத்த பீன்ஸ் இரண்டு மூன்று மணி நேரம் ஆனாலும் முதுமை அடைவதில்லை.

எடையால் விற்கும் உழவருக்கு நீர் இழப்பு என்பது நேரே பண இழப்பாகும். நூற்றுக்கு ஐந்து பங்கு நீர் போனாலே பல காய்கள் வாடித் தோன்றும். 500 கிலோ பீன்ஸ் பறித்த ஒருவர், வண்டி வரும் வரை அதை வெயிலில் விட்டுவைத்து ஐந்து பங்கு நீரை இழந்தால், 25 கிலோ காற்றோடு போயிற்று. கிலோ 40 ரூபாய் எனக் கொண்டால் 1,000 ரூபாய் நட்டம். அதன்மேல், வாடிய காய் என்று தரகர் குறைக்கும் விலை வேறு.

ஆதலால் முதல் விதி மிக எளியது. காலைப் பனி உலர்ந்ததும் பறிக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். பறித்ததை உடனே மரநிழலுக்கோ, ஓலைப் பந்தலுக்கோ கொண்டு செல்ல வேண்டும். இலை ஈரமாக இருக்கும்போது பறித்த காயும் கீரையும் மூட்டையில் அழுகும். ஆதலின் மழை விட்டவுடன் பறித்தல் கூடாது. ஓசூர்ப் பகுதியில் பசுமைக்குடில் அமைத்து ரோஜா வளர்ப்போர், பூவைப் பறித்த உடனே நீரில் நிறுத்திக் குளிர் அறைக்கு அனுப்புகின்றனர். ரோஜாவிற்கு இத்தனை மரியாதை செய்யும் அதே ஊரில், மக்கள் உண்ணும் தக்காளிக்கு ஒரு நிழல்கூடக் கிடைக்காமல் இருப்பது வியப்பிற்குரியது.

பழுக்க வைக்கும் வாயு

சில பழங்கள் பறித்த பின்பும் பழுக்கும், சில பழுக்கமாட்டா. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, தக்காளி ஆகியவை முதல் வகை. திராட்சை, மாதுளை, எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவை இரண்டாம் வகை. இரண்டாம் வகைப் பழங்களை முதிராமல் பறித்துவிட்டுப் பின்னர் இனிக்கும் என்று காத்திருத்தல் வீண்.

முதல் வகைப் பழங்கள் பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவைத் தாமே வெளியிடுகின்றன. அந்த வாயு அருகிலுள்ள மற்றக் காய்களையும் பழுக்கவும் முதிரவும் தூண்டும். நம் பாட்டிமார் அரிசிப் பானையில் மாங்காயை வைத்துப் பழுக்க வைத்ததன் உட்பொருள் இதுவே; வாயு வெளியே போகாமல் பானைக்குள் தங்கியது. ஆனால் இதே வாயு கீரைக்கும் வெள்ளரிக்கும் பகையாகும். பழுத்த மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் வைத்த கீரை விரைவில் மஞ்சளாகும், வெள்ளரிக்காயும் நிறம் மாறும், கேரட் கசப்பேறும். எனவே வீட்டிலாயினும் கடையிலாயினும் வண்டியிலாயினும், பழுக்கும் பழங்களையும் பச்சைக் காய்களையும் ஒன்றாக அடைத்தல் தகாது.

தக்காளி

இந்த மாவட்டத்தில் உழவரை ஒரே ஆண்டில் ஏற்றியும் இறக்கியும் விடும் பயிர் தக்காளி. நமது விலையை நாம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கர்நாடகத்தின் கோலார், ஆந்திரத்தின் மதனப்பள்ளி ஆகிய பெருஞ்சந்தைகளின் வரத்து, இராயக்கோட்டையின் விலையையும் அசைக்கும். 2023 ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. அப்போது தமிழ்நாட்டரசு சென்னையில் நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அத்தகைய நாட்களில் நூறு பெட்டிக்குப் பத்துப் பெட்டி நசுங்கினால் எவ்வளவு இழப்பு என்பதை உழவரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

எந்தப் பருவத்தில் பறிப்பது என்பது எந்தச் சந்தைக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. சென்னை கோயம்பேட்டிற்கோ அதற்கும் அப்பாலோ செல்ல வேண்டிய தக்காளியை, நுனியில் வெளிறிய மஞ்சளோ இளஞ்சிவப்போ தோன்றத் தொடங்கும்போதே பறித்தல் நன்று. ஓசூர் உழவர் சந்தைக்கும் பெங்களூருக்கும் பாதிக்குமேல் சிவந்ததை அனுப்பலாம். வீட்டில் சாறு காய்ச்சவும் வற்றல் போடவும் முழுச் சிவப்பே ஏற்றது. பச்சையாகவே பறிக்க வேண்டி வருமாயின், முதிர்ச்சியை அறிய ஒரு வழி உண்டு. ஒரு காயைக் கூரிய கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே கூழ் நிறைந்து, விதைகள் கத்திக்கு வழுக்கி விலகினால் அது முதிர்ந்தது, வைத்தால் பழுக்கும். விதைகளும் சேர்ந்து அறுபட்டால் அது பிஞ்சு. அது சிவந்தாலும் சுவை தராது.

அடுத்து, கட்டும் முறை. மூங்கிற் கூடையின் உட்புறச் சிம்புகள் தக்காளியின் தோலைக் கிழிக்கின்றன. ஒரு கீறலில் பூஞ்சணம் புகுந்தால், இரண்டு நாளில் சுற்றியுள்ள பத்துப் பழங்களும் அழுகும். வழுவழுப்பான, காற்றுத் துளைகள் உள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் இன்று எல்லா மண்டிகளிலும் வழக்கத்தில் உள்ளன. அவற்றை வாங்கியும் பலர் பயனை இழப்பதற்குக் காரணம், பெட்டியின் விளிம்புக்கு மேல் குவித்து அடுக்குவதேயாகும். மேற்பெட்டியின் சுமை அப்போது கீழ்ப்பெட்டியின் சட்டத்தின் மேல் நில்லாமல் பழத்தின் மேல் நிற்கிறது. விளிம்புக்கு இரண்டு விரற்கடை தாழ நிரப்பினால் போதும். பெட்டிக்கு ஒரு கிலோ கூடுதலாக ஏற்றிப் பெட்டிக்கு இரண்டு கிலோ இழப்பது சிக்கனம் அன்று. காலிப் பெட்டிகளை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்துதலும் வேண்டும். சென்ற முறை அழுகிய பழத்தின் சாறு ஒட்டியிருந்தால், அதுவே இம்முறை நோயின் விதையாகும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது: காம்படி பச்சையாக இருத்தல், தோல் இறுகியிருத்தல், அழுத்தினால் மெல்ல மீளுதல் ஆகியன. வெடிப்புள்ள தக்காளி மலிவாகக் கிடைத்தால் அன்றே சமைப்பதற்கு மட்டும் வாங்கலாம். பழுக்காத தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் கூடாது. அதிகக் குளிரில் அது ஒழுங்காகச் சிவப்பதும் இல்லை, மணமும் பெறுவதில்லை. காம்புப் பக்கம் கீழாக இருக்குமாறு, ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல், தட்டில் பரப்பி வைத்தால் பல நாள் நிற்கும்.

மாங்கனி

செந்தூரா முதலில் வரும். அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் அதனையடுத்து வரும். பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாங்காய் பெருமளவில் கூழ் ஆலைகளுக்குச் செல்லும். நீலம் கடைசியில் வரும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூழ் ஆலைகள் பல உள்ளன. ஆயினும் ஆலையை மட்டும் நம்பிய உழவர் நிலை என்னவாகும் என்பதை 2025 ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரா விலை வீழ்ந்தபோது கண்டோம். நேரே உண்ணும் சந்தைக்குத் தகுந்த பழத்தை நேர்த்தியாகப் பறித்துக் காக்கத் தெரிந்திருந்தால், தோப்பின் ஒரு பகுதிக்கேனும் வேறு வழி இருக்கும்.

முதிர்ந்த மாங்காயின் தோள்கள் காம்பின் மட்டத்திற்கு மேலே எழும்பி நிற்கும். காம்படியில் சிறு குழி தோன்றும். ஐயம் இருந்தால் ஒரு வாளி நீரில் சில காய்களை இட்டுப் பார்க்கலாம். முதிர்ந்த காய் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். இது எழுத்தறியாதவரும் செய்யத்தக்க நல்ல சோதனை. சந்தையில் முதல் வண்டிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று பிஞ்சிலேயே உலுக்கி விற்பவர், வாங்கியவரை ஏமாற்றுவதோடு நில்லாமல், கிருஷ்ணகிரி மாம்பழத்தின் பெயரையும் கெடுக்கின்றார்.

மரத்தை உலுக்கிக் காயைத் தரையில் விழச் செய்தல் கூடாது. விழுந்த காயின் உட்புறம் அடிபட்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பழுத்தபின் அந்த இடம் கறுத்து அழுகும். வலைப்பை கட்டிய துறட்டியால், ஒரு சென்டிமீட்டர் நீளமாவது காம்பு இருக்குமாறு பறித்தல் வேண்டும். காம்பு ஒடிந்தால் பால் வடியும். அந்தப் பால் பட்ட இடத்தில் தோல் வெந்து கரும்புள்ளியாகும். பறித்தபின் நிழலில் காம்பைக் கிள்ளி, காம்புப்பக்கம் கீழே தொங்குமாறு வலைக்கட்டிலிலோ கோரைப் பாயிலோ சிறிது நேரம் வைத்துப் பாலை வடியவிட்டுப் பின்னர் நல்ல நீரில் கழுவி உலர்த்த வேண்டும். 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஐந்து நிமிடம் மூழ்க வைத்து எடுத்து ஆறவிட்டால், பழுக்கும்போது தோன்றும் கரும்புள்ளி நோய் பெரிதும் குறையும். இதற்கு வெப்பமானி அவசியம். கைக்குச் சூடு தெரிகிறது என்ற மதிப்பீட்டில் செய்தால் பழம் வெந்துபோகும்.

இனிக் கார்பைடு கல்லைப் பற்றி ஒரு சொல். இதை விளக்கெண்ணெய் தடவிப் பேசுவதில் பயனில்லை. கால்சியம் கார்பைடு ஈரத்துடன் சேர்ந்து அசிட்டிலீன் வாயுவைத் தருகிறது. தொழிலுக்கு விற்கப்படும் அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுப் பொருள்களின் கலப்பு இருக்கும். பழங்களைப் பழுக்க வைக்க இதனைப் பயன்படுத்துதல் 2011 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டுள்ளது. கல்லை நொறுக்கிப் பொட்டலம் கட்டும் கூலியாளே முதலில் பாதிக்கப்படுகின்றார். பழமோ மேலே மஞ்சளாகி, உள்ளே புளித்து, மணமின்றி இருக்கும். அரசு அனுமதித்திருப்பது மூடிய அறையில் எத்திலீன் வாயுவைச் செலுத்தும் முறை. அதுவும் காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்குக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். எத்திபான் மருந்தை நீரில் கலந்து பழத்தை அதில் முக்குவது முறையன்று.

சிறு உழவருக்கு வைக்கோலே போதுமானது. காற்றோட்டமுள்ள அறையில் வைக்கோலைப் பரப்பி, காய்களை ஒரே அடுக்காக வைத்து, மேலே வைக்கோல் மூடி, இடையிடையே பழுத்த சில பழங்களையும் வைத்தால் ஒரு வாரத்தில் பழுத்துவிடும். நாள்தோறும் புரட்டிப் பார்த்து அழுகியதை நீக்க வேண்டும். பழுத்த பின்பு வேண்டுமானால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். காயாக இருக்கும்போது வைத்தல் ஆகாது. மாங்காய் 13 டிகிரிக்குக் கீழே நீண்ட நேரம் இருந்தால் தோல் கறுத்து, பழுக்கும் திறனையே இழந்துவிடும்.

மற்றக் காய்கறிகள்

வெண்டையின் நுனி ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றல். பீன்ஸும் அவ்வாறே. கத்தரியில் காம்பின் தொப்பி பசுமையாகவும் தோல் பளபளப்பாகவும் இருத்தல் வேண்டும். துளை இருந்தால் உள்ளே புழு உண்டு. முட்டைக்கோசு கையில் கனக்க வேண்டும். அடித்தண்டின் வெட்டுமுகம் வெள்ளையாக இருந்தால் அண்மையில் பறித்தது. காலிபிளவரைப் பொறுத்தமட்டில் பூவைவிட இலையைப் பார்த்து வாங்குவதே மேல். கடைக்காரர் மஞ்சளித்த பூவைச் சீவி வெள்ளையாக்கலாம், வாடிய இலையைப் பசுமையாக்க இயலாது. கேரட், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றின் தழையை வீட்டிற்கு வந்ததும் நீக்கிவிட வேண்டும். தழை கிழங்கின் நீரை உறிஞ்சிக் கொள்ளும். முள்ளங்கித் தழையை எறிய வேண்டாம், அதுவும் நல்ல கீரையே.

கொத்தமல்லியையும் புதினாவையும் கழுவிவிட்டு மூடி வைத்தல் பலரும் செய்யும் தவறு. ஈரம் நின்ற இலை ஒரே இரவில் அழுகும். கட்டை அவிழ்த்து, அழுகிய இலைகளை நீக்கி, வேர்ப்பகுதியை மட்டும் சிறிது நீரில் நிற்க வைத்தாலும், அல்லது பிழிந்த ஈரத்துணியில் சுற்றி வைத்தாலும் சில நாள் நிற்கும். கழுவுதல் சமைப்பதற்குச் சற்று முன்புதான்.

வெங்காயம் இவற்றிற்கு நேர்மாறானது. அது ஈரத்தை வெறுக்கும். கழுத்து நன்கு உலர்ந்த வெங்காயத்தைக் காற்று நுழையும் கூடையிலோ பரணிலோ வைக்க வேண்டும். உருளைக்கிழங்கிற்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறம் ஏறிய கிழங்கில் சொலனின் என்னும் நஞ்சு உண்டாகிறது. பச்சைப் பகுதியையும் முளையையும் ஆழமாக வெட்டி எறிய வேண்டும். முழுதும் பச்சையாக இருந்தால் கிழங்கையே எறிய வேண்டும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே சாக்கில் வைத்தல் இரண்டையும் கெடுக்கும்.

வாரச் சந்தையில் ஒரே முறை வாங்கும் குடும்பங்கள், சமைக்கும் வரிசையையும் சந்தையிலேயே எண்ணிக்கொள்வது நலம். கீரையை முதல் நாளிலும், வெண்டை, பீன்ஸ், புடலை ஆகியவற்றை அடுத்த இரண்டு மூன்று நாளிலும், கத்தரி, கேரட், முட்டைக்கோசு ஆகியவற்றைப் பின்னரும், பூசணி, சேனை, சின்ன வெங்காயம் ஆகியவற்றைக் கடைசியிலும் சமைத்தால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் வாரம் முழுவதும் காய் இருக்கும். ஆலையில் இரவு முறை வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளர் ஒரே அறையில் நால்வராகத் தங்கியிருப்பதை ஓசூரில் காண்கிறோம். அவர்களில் பலர் காய் வாங்கினால் கெட்டுவிடும் என்பதற்காகவே வாங்காமல் இருந்துவிடுகின்றனர். நாள் ஒன்றுக்கு ஒருவர் 400 கிராம் அளவுக்காவது பழமும் காயும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்குப் பணம் மட்டும் தடையன்று. வைக்க இடமும் தடையாக நிற்கிறது.

தண்ணீரும் மருந்தும்

சந்தைக்குக் கொண்டு செல்லுமுன் காய்க்குப் பளபளப்பு வருவதற்காக, கிடைத்த நீரில் முக்கி எடுக்கும் வழக்கம் உண்டு. தென்பெண்ணையாறு பெங்களூருப் பக்கத்திலிருந்து கழிவுநீரைச் சுமந்து வருவதும், கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வழிந்ததும் நாளிதழ்களில் பலமுறை வந்த செய்திகளே. அத்தகைய நீரில் கழுவிய கேரட்டும் கொத்தமல்லியும் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் நோய்க்கிருமிகளை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும். கழுவினால் குடிக்கத் தகுந்த நீரில் கழுவுக. அது கிடைக்காவிடில், மண்ணைத் துடைத்துவிட்டு அப்படியே அனுப்புவதே மேலானது.

பூச்சிமருந்துப் புட்டியின் சீட்டில், தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று அச்சிடப்பட்டிருக்கும். விலை ஏறுகிறது என்பதற்காக நேற்று மருந்தடித்த முட்டைக்கோசை இன்று வெட்டுதல் குற்றத்திற்கு ஒப்பானது. வாங்குவோர் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுதல், முட்டைக்கோசின் மேலிதழ்களை நீக்குதல் ஆகியவற்றால் மேற்பரப்பிலுள்ள மருந்தைக் குறைக்கலாம். காய்க்குள் ஊறிச் சென்ற மருந்தைக் கழுவி நீக்க முடியாது. அதனைத் தடுக்கக்கூடியவர் உழவர் ஒருவரே.

செங்கல்லால் ஒரு குளிர் அறை

குளிர்பதனக் கிடங்கு நல்லதே. ஆனால் அதற்கு மின்சாரமும் முதலீடும் வேண்டும். கிடங்கு இருக்கும் ஊருக்கு வண்டிச் சத்தமும் வேண்டும். அரை ஏக்கர் கீரையும் கால் ஏக்கர் பீன்ஸும் போட்டவருக்கு அது எட்டாது. அவருக்கென்றே 1980களில் புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சுசாந்த ராய், குர்தியா ஆகிய அறிஞர்கள் ஓர் எளிய முறையை உருவாக்கினர். மின்சாரம் இன்றியே இயங்கும் அக்குளிர் அறையை நம் ஊர்க் கொத்தனார் ஒரே நாளில் கட்டிவிடலாம். மண்பானையில் நீர் குளிரும் அதே தத்துவந்தான். நீர் ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

நீர் வசதிக்கு அருகில், காற்று வீசும் மேட்டு இடமாகத் தெரிந்தெடுக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தரையைச் செங்கல்லால் பரப்ப வேண்டும். அதன்மேல் நான்கு புறமும் இரட்டைச் சுவரை 67.5 சென்டிமீட்டர் உயரத்திற்கு எழுப்ப வேண்டும். இரு சுவர்களுக்கும் இடையே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் நனைத்த ஆற்று மணலை நிரப்ப வேண்டும். ஏறக்குறைய 400 செங்கல் ஆகும். செங்கற்களை முதலில் நீரில் ஊற வைத்துக்கொள்ள வேண்டும். சுவரின் மேல் சிமெண்டு பூசுதல் கூடாது. பூசினால் நீர் கசிந்து ஆவியாகாது. மூங்கிற் சட்டத்தில் வைக்கோலோ வெட்டிவேரோ வைத்துப் பின்னிய மூடி ஒன்று, வெயிலும் மழையும் படாமல் மேலே ஓலைக் கூரை ஒன்று, இவ்வளவே. காலையிலும் மாலையிலும் மணல், சுவர், மூடி ஆகியவை நனையுமாறு நீர் தெளித்து வந்தால், கடுங்கோடையில் வெளி வெப்பத்தைவிட 10 முதல் 15 டிகிரி வரை உள்ளே குறைந்திருக்கும். காற்றின் ஈரப்பதமும் நூற்றுக்கு 90 அளவில் நிற்கும். காற்றுத் துளையுள்ள பெட்டிகளில் வைத்து ஏறத்தாழ 100 கிலோ வரை சேமிக்கலாம். வெளியே ஒரே நாளில் வாடும் கீரை இதில் மூன்று நாள் வரை நிற்கும்.

வறண்ட காற்று வீசும் மாதங்களில்தான் இது நன்கு பயன் தரும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது, குளிர்ச்சியும் குறையும். இந்த மாவட்டத்தில் மாசி முதல் வைகாசி வரை உள்ள காலமே இதற்கு உரியது. நல்வாய்ப்பாக, நமக்கு மிகுதியும் வேண்டுவதும் அப்போதுதான். வெங்காயத்தையும் பூண்டையும் இதில் வைக்க வேண்டாம். எறும்பும் எலியும் வராமல் சுற்றிலும் தூய்மையாக வைத்திருக்க வேண்டும்.

இன்னும் சிறிய அளவில் இரண்டு மண்பானைகளே போதும். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையே மணலை நிரப்பி நனைத்து, மேலே ஈரத்துணியால் மூட வேண்டும். ஆப்பிரிக்காவின் நைஜீரியா நாட்டில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் இத்தகைய பானைகளைச் செய்வித்து ஊர்தோறும் பரப்பினார். அதற்காக 2000 ஆம் ஆண்டில் ரோலக்ஸ் விருதும் பெற்றார். அங்கே நாள்தோறும் காய் விற்கச் சந்தைக்கு அனுப்பப்பட்ட பெண் குழந்தைகள் பலர், காய் கெடாமல் நின்றதால் பள்ளிக்குச் செல்ல முடிந்தது என்பர். ஓசூரில் வாடகை அறையில் தங்கியுள்ள தொழிலாளருக்கும் இந்தப் பானை பொருத்தமானதே. குயவர் வீட்டில் கிடைக்கும் மெருகேற்றாத சாதாரணப் பானையே இதற்கு வேண்டும்.

ஊராட்சி செய்யக் கூடியவை

உழவர் சந்தைத் திட்டம் 1999 ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையில் தொடங்கியது. ஓசூர் உழவர் சந்தை இன்று மாநிலத்தில் பேர் பெற்றவற்றுள் ஒன்று. ஆனால் எல்லா உழவரும் விடியற்காலையில் ஓசூர் வந்து சேர முடிவதில்லை. அஞ்செட்டி மலைப்பக்கத்தாரும், வேப்பனப்பள்ளி எல்லைக் கிராமத்தாரும் தங்கள் ஊர்ச் சாலையோரத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர்களே. அங்கே ஒரு கூரை வேண்டும். பத்தடிக்கு இருபதடியில் ஓலையோ தகடோ வேய்ந்த நிழல், ஒரு குடிநீர்க் குழாய், முத்திரையிட்ட ஒரு தராசு ஆகிய மூன்றையும் ஊராட்சி ஏற்படுத்தினால், முன்னே கணக்கிட்ட அந்த 25 கிலோ உழவர் கையிலேயே நிற்கும். பெருந்திட்டங்கள் அவ்வப்போது வருகின்றன. 2018-19 ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றிற்காக 500 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அவை நம் ஊருக்கு வரும் வரை நிழலுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.

மே முதல் நாள் கூடும் கிராம சபை, மாங்காய்ப் பருவத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. துறட்டி வலை, பெட்டிகள், வெந்நீர்த் தொட்டி, வெப்பமானி ஆகியவற்றை ஊர்ப் பொதுவில் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவதை அன்று பேசி முடிவு செய்யலாம். செங்கற் குளிர் அறை ஒன்றை ஊராட்சி அலுவலகத்தின் அருகிலேயே மாதிரியாகக் கட்டிக் காட்டினால், அதைக் கண்டு பத்துப் பேர் கட்டுவர். சிப்பம் கட்டும் அறை, சூரிய ஒளி உலர்த்தி முதலியவற்றுக்குக் கிடைக்கும் மானிய விவரங்களை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும், நுட்ப விவரங்களைப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்டறியலாம்.

விலை வீழ்ந்த வாரத்தில் தக்காளியைச் சாலையில் கொட்டாமல், மகளிர் சுய உதவிக் குழுவினர் வாங்கி அறுத்து, சிறிது உப்பிட்டு உலர்த்தி வற்றலாக்கலாம். காற்றில் உதிர்ந்த மாங்காயை ஊறுகாயும் வற்றலும் ஆக்கலாம். உண்ணத் தகாதவாறு அழுகியவற்றை எருக்குழியில் இட்டு மண்ணால் மூட வேண்டும். பழ ஈ விழுந்த மாம்பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிட்டால், அதிலுள்ள புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிப் பின்னர் ஈயாக எழும்பி, மரத்தில் நிற்கும் மற்றப் பழங்களைத் தாக்கும். ஆதலால் விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, இரண்டடி ஆழத்திற்குக் குறையாமல் புதைத்தல் வேண்டும். ஒரு தோப்புக்காரர் மட்டும் இதைச் செய்வதில் பெரும் பயன் இல்லை. அடுத்த தோப்பின் ஈ வேலி தாண்டி வந்துவிடும். ஊர்த் தோப்புகள் அனைத்திலும் ஒரே காலத்தில் செய்யுமாறு ஊராட்சியே நாள் குறித்துத் தண்டோராப் போடுதல் வேண்டும்.